செக்கர் கேட்ட கேள்வி

என் அக்காவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று நாங்கள் மூன்று பேர் முடிவு கட்டியிருந்தோம். அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், நான். உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் சண்டை போடுகிற நாங்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒருமனதாக இருந்தோம்.

அக்கா ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை வாங்கி அடுக்கிவைத்து, தேடி வருகிறவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் கவுன்டர் அவளுடையது. கடைசிப் பிளாட்பாரத்தின் கோடியில், இரும்புப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது அந்த அறை. ஆட்கள் படியேறும்போதெல்லாம் கூரை திமுதிமுவென்று அதிரும். உள்ளே சுவர் முழுக்க அலமாரி. குடைகள், ஒற்றைச் செருப்புகள், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள், பல் செட்டுகள். ஒரு முறை ஒரு செயற்கைக் கால் வந்தது. காலை விட்டுவிட்டு அந்த மனுஷன் எப்படி இறங்கி நடந்து போனார் என்று கேட்டேன். "அதெல்லாம் போயிடுவாங்க. மறதின்னு வந்துட்டா காலே தேவையில்ல" என்றாள்.

சாமானைத் திருப்பிக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. பொருளைக் கண்ணில் காட்ட மாட்டாள். "அடையாளம் சொல்லுங்க" என்பாள். மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். கறுப்புக் குடை, வளைந்த கைப்பிடி என்பதெல்லாம் செல்லாது. எந்தக் கம்பி ஒடிந்தது, கிழிசலை எந்த நிற நூலில் தைத்தது, கைப்பிடியைக் கடித்தது நாயா பிள்ளையா, அப்படிச் சொல்ல வேண்டும். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்களாம். முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம், "நீங்களே சொல்லுங்க, பார்க்கலாம்." அக்கா வேண்டுமென்றே ஒரு பொய் அடையாளத்தைச் சொன்னால் உடனே தலையை ஆட்டி, "ஆமா, அதேதான்" என்பார்களாம். "தெரியாதவங்க யாரும் தெரியாதுன்னு வாய்விட்டுச் சொல்லவே மாட்டாங்கடி" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன்.

அத்தான் அதே நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் செக்கர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. டிக்கெட்டில் ஓட்டை போட்டுப் போட்டு வலது கட்டைவிரலில் ஒரு காய்ப்பு. வீட்டை விட்டு இறங்கும்போது சட்டைப் பையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார், ஓட்டை போடும் கருவி இருக்கிறதா என்று. ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தட்டல் போகவில்லை. இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு தழும்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டி சரிந்து அவர் முகத்தில் விழுந்திருக்கிறது. ரத்தம் ஒழுக ஒழுகக் கவுன்டருக்கு ஓடிவந்திருக்கிறார். அக்கா அவசரத்துக்கு அலமாரியில் இருந்த யாரோ ஒருவருடைய கைக்குட்டையை எடுத்துப் புருவத்தில் அழுத்தியிருக்கிறாள். மறுநாள் அந்தக் கைக்குட்டையைத் தேடி ஆள் வந்துவிட்டதாம். அக்கா தன் வேலையில் செய்த ஒரே முறைகேடு அது. அதற்குத் தண்டனையாக அந்த மனுஷனையே கட்டிக்கொண்டாள் என்று நான் சொல்வது வழக்கம்.

நான் அவர்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். தெருமுனையில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். தலைக்கு வெளியே இருப்பது என் பொறுப்பு, உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வேன். அதுவும் ஒரு வாய்க்கொழுப்புதான்.

எங்கள் அம்மா மறதி நோயில் போனவள். அறுபது தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டது. கடைசிக் காலத்தில் எங்கள் இரண்டு பேரையும் யாரோ பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று நினைத்தாள். "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்பாள். பிறந்ததிலிருந்து எங்களை வாடி போடி என்றே கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தவள். அவள் மரியாதையாகப் பேசியதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. முதன்முதலில் அந்த "வாங்க"வைக் கேட்ட அன்று அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவைப் பார்த்த டாக்டரம்மாவிடம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எனக்கும் வருமா?"

"வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "இதயத்துக்கு எது நல்லதோ அதுதான் மூளைக்கும் நல்லது. தினமும் நடங்க. நல்லா தூங்குங்க. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள்ள வைங்க. காது சரியாக் கேக்குதான்னு பார்த்துக்குங்க. நாலு பேரோட பேசுங்க. புதுசா ஏதாவது கத்துக்குங்க. இதெல்லாம் செஞ்சா வாய்ப்பு குறையும். அதுக்கு மேல யாரும் உத்தரவாதம் தர முடியாது."

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாள் என்றால் சாதாரணப் பிடி இல்லை. மறுநாளிலிருந்து இடது கையால் பல் தேய்த்தாள். டாக்டர் அதைச் சொல்லவே இல்லை, இவளாகச் சேர்த்துக்கொண்டது. பத்து மணி ஆனால் விளக்கை அணைத்துவிடுவாள், வீட்டில் விருந்தாளி இருந்தாலும். வேலைக்குத் தினமும் ஒரு புதுத் தெரு வழியாக நடந்து போனாள். காது கேட்காத பயணிகள் வந்தால் பேச வேண்டும் என்று சைகை மொழி வகுப்பில் சேர்ந்தாள். அப்புறம் ஒருநாள் நகராட்சி நீச்சல் குளத்தில் அவளை நீச்சல் உடையில் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது. தலையில் ரப்பர் தொப்பி. முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு பலகையைக் கட்டிப்பிடித்து உதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அக்கா, மூளையைக் காப்பாத்தறேன்னு உசிரை விட்டுடாதே" என்றேன்.

"நீயும் வா. உனக்கும் அதே அம்மாதான்" என்றாள்.

நான் போகவில்லை. எனக்கு நாற்காலி இருந்தது, டிவி இருந்தது.

அத்தானையும் விடாமல் நச்சரித்தாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டைவிட்டு இறங்குவதே குறைந்துபோயிருந்தது. டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பார். ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாள் போடுவார், மூன்று நாள் விடுவார். காதைப் போய்ப் பாருங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று அக்கா சொன்னால் அவர் கையில் ஒரே பதில்தான் இருந்தது. "செக்கருக்கு எதுக்கு டிக்கெட்?" நாங்கள் சிரித்துவிடுவோம். சொல்கிற விதம் அப்படி.

ஆனால் அக்காவுக்காக அவர் ஒன்று செய்தார். மாலையில் அவள் வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேஜையில் டீயோடு உட்கார்ந்து கேள்வி கேட்பார். பத்துக் கேள்வி. பயங்கரமான கேள்விகள். கிளைப் பாதையில் வரும் நிலையங்களைக் கடைசியிலிருந்து வரிசையாகச் சொல்லு. பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லு. போன வருஷம் இதே நாளில் என்ன மழையா வெயிலா. தப்பாகச் சொன்னால் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "டிக்கெட் செல்லாது. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்க" என்பார். பத்தாவது கேள்வி மட்டும் தினமும் ஒன்றே. "உன் வீட்டுக்காரர் யாரு?" அதற்கு அக்கா நாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பாள். "எந்த வீட்டுக்காரர்? வாடகை வாங்குறவரா?" என்பாள். "டிவி ரிமோட்டுக்கு வாக்கப்பட்டவரு" என்பாள். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். நான் டீ குடிக்கிற சாக்கில் தினமும் கீழே இறங்கி வருவது அந்தப் பத்தாவது கேள்விக்காகத்தான்.

இப்படி மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஆரம்பித்தது.

முதலில் அக்காவின் மூக்குக் கண்ணாடி காணாமல் போனது. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். நாலு நாள் கழித்து மாவு டின்னுக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடி மாவுக்குள் புதைந்து கிடந்தது. "நான் எப்படி இதுல வச்சேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அத்தான் எட்டிப் பார்த்து, "ஏதோ ஞாபகத்துல வச்சிருப்ப. விடு" என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை கருகல் வாசனை மேல் மாடி வரை வந்தது. நான் படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி ஓடினேன். அடுப்பில் டீ பாத்திரம் கரிக்கட்டையாகி அடி பிளந்திருந்தது. சுவரில் புகை ஏறியிருந்தது. முன்னறையில் அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறக்கும்போது அக்கா நீச்சல் பையோடு உள்ளே வந்தாள், ஈரத் தலையோடு.

"போறப்ப அடுப்புல எதையோ வச்சிட்டுப் போயிட்ட போல" என்றார் அத்தான்.

"நான் வைக்கலையே."

"பரவால்ல விடு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவர் அதை எவ்வளவு தன்மையாகச் சொன்னார் தெரியுமா. அந்தத் தன்மைதான் அக்காவை உடைத்தது. அவள் முகத்தில் ரத்தம் சுண்டிப்போய்விட்டது. எங்கள் அம்மாவுக்கும் அடுப்பில்தான் ஆரம்பித்தது.

அதற்கப்புறம் ஒன்று மாற்றி ஒன்று. கவுன்டர் சாவி மழைக்காலச் செருப்புக்குள் கிடைத்தது. ஒருநாள் வாசல் கதவு காலையிலிருந்து மாலை வரை ஆவென்று திறந்து கிடந்தது. சர்க்கரை ஜாடியில் உப்பு கொட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா திகைத்து நிற்பாள், அத்தான் "விடு" என்பார், நான் அவளைத் திட்டுவேன். "இடது கையால பல்லு தேய்க்கிறதை முதல்ல நிறுத்து. இருக்கிற மூளையும் குழம்பிப் போச்சு" என்றேன்.

அக்காவை உண்மையில் நடுங்க வைத்தது உப்பும் சாவியும் இல்லை. ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் வந்து என் முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவர் கேள்வியையெல்லாம் சுலபமாக்கிட்டாருடி. நீ கவனிச்சியா?"

நான் கவனித்திருந்தேன். வாய்ப்பாடு போய்விட்டது. நிலையங்கள் போய்விட்டன. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார். நேற்று போன் பண்ணியது யார். நான் மாத்திரை போட்டேனா இல்லையா, சரியாகச் சொல்லு பார்க்கலாம்.

"ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகிட்ட கேக்குற மாதிரி கேக்குறாரு" என்றாள் அக்கா. "நான் மோசமாகிட்டு வர்றது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. மனசு கேக்காம கேள்வியைக் குறைச்சுட்டாரு. இரக்கப்படுறாருடி."

அப்படித்தான் என்று எனக்கும் பட்டது.

அவள் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தாள். டாக்டரிடம் பரிசோதனைக்கு நாள் கேட்டிருந்தாள். மறதி என்று உறுதியானால் மறுநாளே கவுன்டர் சாவியை நிலைய அதிகாரியிடம் கொடுத்துவிடுவாளாம். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. "நாலு பேரு பொருளை நம்பி விட்டுட்டுப் போற இடம். மறதிக்காரி அங்க உட்காரக் கூடாது" என்றாள். அந்தக் கவுன்டர் இல்லாமல் என் அக்காவை நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

பரிசோதனை அன்று நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். அத்தானையும் கூப்பிட்டோம். "நீங்க போயிட்டு வாங்க. நான் வந்து என்ன செய்யப் போறேன்" என்றார். எங்களை அனுப்ப வாசல் வரை வந்தவர், சட்டைப் பையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அது ஒரு புதன்கிழமை காலை. அக்காவின் கை பனிக்கட்டியாக இருந்தது. கடிகாரம் வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார்கள். ஐந்து வார்த்தை சொல்லிவிட்டு, வேறு எதையெதையோ கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்டார்கள். ரத்தப் பரிசோதனை முன்பே எடுத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. உங்க வயசுல இவ்வளவு தெளிவா பதில் சொல்றவங்களை நான் அதிகம் பார்த்ததில்ல. என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க."

அக்கா நம்பவில்லை. "அப்ப மாவு டின்னுல கண்ணாடி? அடுப்புல பாத்திரம்?"

"கவலையில இருந்தா யாருக்கும் கவனம் சிதறும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கேவிக் கேவி அழுதாள். நானும் அழுதேன். போகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் கேன்டீனில் போய் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். "அப்ப கண்ணாடியை மாவுல போட்டது பேயா?" என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். எங்களுக்குப் பேய் ஞாபகம் வந்தது, அவர் ஞாபகம் வரவில்லை.

மாலையில் மூன்று பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அத்தான் அவள் தலையில் கையை வைத்து, "நான்தான் சொன்னேனே" என்றார். என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தோம். அக்கா டீயை ஊற்றிவிட்டு, "ம், கேளுங்க. இன்னைக்கு நான் ராணி" என்றாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

அக்காவுக்குக் குறும்பு. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமை" என்றாள்.

"சரி" என்றார் அத்தான்.

நான் களுக்கென்று சிரித்தேன். அவரும் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"நம்ம மருமகன் என்ன வேலை பார்க்குறாரு?"

மருமகன், அவர்களுடைய ஒரே மகளைக் கட்டியவர், பல் டாக்டர். அத்தான் வாயில் இருக்கிற பாதிப் பல் அவர் கட்டியதுதான். அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதை நான் பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கப்பல் ஓட்டுறாரு" என்றாள்.

அத்தான் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஆமா, அதேதான். கப்பல்."

அக்கா அசையவில்லை. அவள் குரல் மாறிவிட்டது. அது கவுன்டரில் பேசுகிற குரல்.

"எந்தக் கப்பல்?"

"நீயே சொல்லு, பார்க்கலாம். உனக்குத்தானே பரீட்சை."

"நம்ம பொண்ணு பேரு சொல்லுங்க."

"பாப்பா" என்றார் உடனே.

"பாப்பான்னுதான் கூப்பிடுறோம். பேரு?"

அத்தான் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மேஜையில், ஜன்னலில், என் முகத்தில் என்று தேடியது. டிக்கெட் இல்லாதவன் முகம். அதை அவர் எத்தனை ஆயிரம் பேரிடம் பார்த்திருப்பார். கட்டைவிரல் காய்ப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் இருக்கிறேன் என்பதையே மறந்து அக்கா எழுந்து போய் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்துங்க?"

டீ ஆடை கட்டிப்போனது.

"நீ ஏற்கெனவே பயந்து போயிருந்தே" என்றார் அத்தான். "எனக்கும்னு எப்படிச் சொல்றது."

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். படியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். இன்றைக்கு என்ன கிழமை. நேற்று போன் பண்ணியது யார். நான் மாத்திரை போட்டேனா. அவர் கேள்வியைச் சுலபமாக்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டிருக்கிறார். எங்கள் கண் முன்னால், டீயும் பிஸ்கட்டுமாக, ஒரு வருஷமாகத் தினமும் கேட்டிருக்கிறார். அக்கா பரீட்சை எழுதுவதாக நினைத்து ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள். தன் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று ராத்திரி பகலாகக் காவல் இருந்தவளுக்குப் பக்கத்து நாற்காலி தெரியவில்லை. மாதம் ஒருமுறை அந்தத் தலையைக் கையில் பிடித்து முடி வெட்டிய எனக்கும் தெரியவில்லை.

அதே டாக்டர், அதே நாற்காலி. அத்தான் வரைந்த கடிகாரத்தில் பன்னிரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான் அங்கேயே கத்தினேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால், காதைப் பார்த்திருந்தால், எழுந்து நடந்திருந்தால் இது வந்திருக்காதே என்றேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "அப்படிக் கணக்குப் போட முடியாதும்மா. எல்லாம் சரியா செஞ்சவங்களுக்கும் வருது. செஞ்சிருந்தா தள்ளிப் போயிருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். இப்பவும் செய்யலாம்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்னும் போதவில்லை.

அக்கா சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நிலைய அதிகாரியிடம் போய், வீட்டில் தனியாக விட முடியாது, கூடக் கூட்டிவந்து உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். செக்கருக்கு இல்லாத இடமா என்று அவர் சொல்லிவிட்டார். காலையில் இருவரும் கைகோத்து நடந்தே போகிறார்கள். புதுத் தெருவெல்லாம் கிடையாது, தினமும் ஒரே தெரு. அவர் வழி தெரிந்து நடப்பதாக அவருக்குத் தோன்ற வேண்டுமாம். காதில் கருவி மாட்டியாகிவிட்டது. அவள் நீந்தும்போது அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நானும் பலகையைக் கட்டிப்பிடித்து உதைக்கிறேன். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி கேட்பதும் நிற்கவில்லை. இப்போது கவுன்டரில் நடக்கிறது. மாலையில் கூட்டம் குறைந்ததும் அத்தான் குடைகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார். அக்கா சாமான்களில் அடையாளச் சீட்டுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டே பதில் சொல்வாள். விளையாட்டுக்குக்கூடத் தப்பாகச் சொல்வதில்லை. அவர் எதை நம்பிப் பிடித்துக்கொள்வார் என்று தெரியாது என்கிறாள். பத்தாவது கேள்விக்கு மட்டும் பழைய மாதிரி கிண்டல் உண்டு. அதற்கு மட்டும் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். மேலே படிக்கட்டில் ஆட்கள் திமுதிமுவென்று ஏறிக்கொண்டிருந்தார்கள். எத்தனையாவது கேள்வி என்று தெரியவில்லை. அவருக்கு இப்போது எண்ணிக்கை நிற்பதில்லை.

"உன் வீட்டுக்காரர் யாரு?" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். பதில் நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அத்தான் விளையாடவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, தெரியாத ஒருவர் வீட்டு விஷயத்தை விசாரிக்கும்போது நாம் வைத்துக்கொள்கிற அந்த அக்கறையோடு.

அக்கா கயிற்றைக் கீழே வைத்தாள்.

"வெளியே கிளம்பறப்ப சட்டைப் பையை ரெண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பாரு" என்றாள். குரல் துளி பிசகவில்லை. "வலது கட்டைவிரல்ல காய்ப்பு இருக்கும். இடது புருவத்துல ஒரு தழும்பு. அதுல முடி முளைக்காது."

அத்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கை தானாக மேலே போனது. புருவத்தைத் தடவினார். தழும்பில் விரல் நின்றது. ஆச்சரியப்பட்டவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

"எனக்கும் இங்க ஒரு தழும்பு இருக்குங்க" என்றார்.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அத்தான் அவளிடம் "ங்க" சேர்த்துப் பேசியதே கிடையாது. அம்மாவின் வாசற்படியில் உட்கார்ந்த மாதிரி இவள் இங்கேயும் உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்து நான் டீயை வைத்துவிட்டுப் பாய்ந்தேன். அக்கா உட்காரவில்லை.

"மூணு அடையாளமும் சரியா இருக்கு" என்றாள். கவுன்டர் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். "எழுந்திரிங்க, கூட்டிட்டுப் போறேன்."

அத்தான் எழுந்து சட்டைப் பையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அவளோடு கிளம்பினார்.